பதினாலு மரக்கட்டைகள்

உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் சுவர் வேலை பார்த்த எவனைக் கேட்டாலும், ஞானசிகாமணி மேஸ்திரியின் அந்தக் கேள்வியைக் குரல் மாற்றிச் சொல்லிக் காட்டுவான். காலையில் கரண்டியும் கையுமாக வந்து நிற்கிற ஆளிடம், "இண்ணைக்கு ஒனக்க முறை இல்ல, நாளைக்கு வா" என்று சொல்ல வேண்டி வந்தால், மேஸ்திரி அவனைச் சும்மா அனுப்ப மாட்டார். சாலை வரைக்கும் கூடவே நடந்து வருவார்.

"இப்ப எங்க போவ?"

"வீட்டுக்காக்கும். பின்ன எங்க?"

"வீட்டுக்குத்தானா?"

"இல்ல மேஸ்திரி, கொச்சிக்குப் போயி கப்பல் ஏறப் போறேன்."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மேஸ்திரி சிரிக்க மாட்டார். பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை என்றால், "நில்லு, அந்தக் கல்ல அடுக்கி வையி" என்று ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்து, சாயங்காலம் கூலியும் கொடுத்து அனுப்புவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைக் கிறுக்கு என்றார்கள். பழைய ஆட்களும் சிரித்தார்கள்தான். ஆனால் சிரித்துவிட்டு, அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று சாலையை எட்டிப் பார்ப்பார்கள்.

1954-க்கு முன்னால் அவர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

புதிதாக வீடு கட்டுவது அவர் தொழில் இல்லை. கட்டி அறுபது எழுபது வருடம் ஆகிப்போன மிஷன் பங்களாக்கள், பள்ளிக்கூடங்கள், ஆலயங்கள், அந்தப் பள்ளிகளில் படித்து வாத்தியாரும் குமாஸ்தாவும் ஆனவர்களின் வீடுகள், இவற்றின் சுவர்களைப் புதுப்பித்துக் கொடுப்பார். எல்லாம் செம்பாறையில் அறுத்தெடுத்த வெட்டுகல் சுவர்கள். வருடம் இரண்டு மழையில் ஊறி, உப்புப் பூத்து, பழைய சாந்து பாளம் பாளமாகக் கழன்று நிற்கும். அப்படி ஒரு சுவரில் ஐந்து வகை ஆட்கள் கை வைக்க வேண்டும். பழைய சாந்தைக் கொத்தி எடுத்துக் கல் இடுக்கை அடைப்பவன், நிலையும் ஜன்னலும் வைக்கும் மரவேலைக்காரன், மின்சாரக் கம்பிக்காரன், சாந்து பூசுகிறவன், கடைசியில் வெள்ளை அடிப்பவன். யாருக்குப் பிறகு யார், ஒருவன் வேலை எந்த இடத்தில் முடிந்து அடுத்தவன் வேலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பங்கு பிரிப்பதில் ஞானசிகாமணியை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கரண்டி பிடிப்பதில் அவர் சுமார்தான். அதை அவரே ஒப்புக்கொள்வார்.

சண்டை எப்போதும் அரை அங்குலத்தில்தான் வரும் என்பார். மரவேலைக்காரன் ஜன்னல் நிலையை வைத்துவிட்டுப் போவான். நிலைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். அதை அடைப்பது மரவேலை என்பான் பூச்சுக்காரன். சாந்து வேலை என்பான் மரவேலைக்காரன். மழை இரண்டு பேரையும் கேட்காமல் அந்தச் சந்து வழியாக உள்ளே வரும். ஆகவே பங்கு பிரிக்கும்போதே ஒவ்வொரு சந்தும் யாருடையது என்று எழுதிவிடுவார். முழுத்தாளில் கொட்டை எழுத்தில் எழுதி வாசல் கதவில் ஆணியடித்து மாட்டுவார். முறைச்சீட்டு என்று அதற்குப் பெயர். அதில் இருக்கிற வரிசையை மாற்ற வீட்டுக்காரருக்கும் உரிமை கிடையாது.

சபை வேலை என்றால் பங்குகளை ஏலம் விடுவது வழக்கம். அறுவடைக் காணிக்கையாக வந்த வாழைக்குலையும் கோழியும் ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் போகும். அதே இடத்தில், அதே குரலில், சுவர் வேலையும் ஏலம் போகும். குலைக்கு விலை ஏறிக்கொண்டே போகும், வேலைக்கு இறங்கிக்கொண்டே வரும். குறைத்துக் கேட்டவனுக்குப் பங்கு. "வாழக்குலைக்கு ஏறுகு, மனுசனுக்க கைக்கு எறங்குகு, நல்ல சபைதான்" என்று ஜெயதாஸ் ஒவ்வொரு தடவையும் சொல்வான். ஒவ்வொரு தடவையும் சிரிப்பும் எழும்.

ஜெயதாஸ் பூச்சுக்காரன். ஞானசிகாமணியின் மனைவி செல்லபாயின் ஒரே தம்பி. முப்பது வயது. அவன் பூசிய சுவரில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாலும் மேடு பள்ளம் தெரியாது. திருவிதாங்கூரின் தெற்கே தமிழ் பேசுகிற தாலுகாக்களை எல்லாம் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டமும் ஊர்வலமும் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நெய்யாற்றின்கரை தாலுகாவும் சேர்த்துத்தான் கேட்டார்கள். சாரத்தில் நின்று பூசும்போதே ஜெயதாஸ் கோஷம் சொல்லிப் பழகுவான். கீழே சாந்து குழைப்பவர்கள் பதில் கோஷம் கொடுப்பார்கள். ஞானசிகாமணிக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. எல்லை எங்கே விழுந்தாலும் அதற்கு இருபுறமும் அவருக்குச் சுவர்கள் இருந்தன.

இந்தக் கதைக்கு இரண்டு வருடம் முன்னால் திருப்புறத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் அவருக்கு மானம் போயிருந்தது. அப்போதுதான் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. கம்பியை நீள மரச்சட்டத்தில் வைத்துச் சுவரோடு ஆணியடிப்பார்கள். வெட்டுகல்லில் ஆணி நிற்காது. அதனால் பூசுவதற்கு முன்பே கைப்பிடி அளவு மரக்கட்டைகளைச் சுவருக்குள் இறக்கி வைக்க வேண்டும். திருப்புறத்தில் அந்தக் கட்டை வேலையை மரவேலைக்காரனின் பங்கில் எழுதியிருந்தார். அவன் அளக்காமல் கண்மதிப்பில் வைத்துவிட்டான். பூச்சும் வெள்ளையும் முடிந்து பளபளவென்று நின்ற சுவரைப் பார்த்துக் கம்பிக்காரர், ஒரு கட்டையும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றார். புதுச் சாந்தைக் கொத்தி எடுத்தார்கள். வீட்டில் குடியேறிய அன்று விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம், அம்மை வார்த்த முகம்போல் நின்ற அந்தச் சுவரைத்தான் பார்த்தார்கள். "முறை மேஸ்திரிக்க முறை கண்டா" என்று ஒரு வருடம் கேலி ஓடியது.

அன்றிலிருந்து அவர் இரண்டு விதி வைத்துக்கொண்டார். கட்டை வைப்பது கம்பிக்காரர் பங்கு, மரவேலைக்காரன் அதைத் தொடக் கூடாது. கடைசிக் கட்டை சுவருக்குள் போகும்வரை பூச்சுக்காரன் கரண்டியை எடுக்கக் கூடாது.

1954 ஆகஸ்டில், உதியன்குளங்கரைக்கு மேற்கே ஒரு பழைய மிஷன் ஆலயத்தின் வேலை நடந்தது. மேற்குச் சுவர்தான் பெரிய வேலை. நாற்பதடி நீளம், பதினைந்தடி உயரம். கம்பி வேலையை நெய்யாற்றின்கரை பரமசிவனும், மர வேலையைக் கனகதாஸும், பூச்சை ஜெயதாஸும் ஏலத்தில் எடுத்திருந்தார்கள். பழைய சாந்தைக் கொத்தியாயிற்று, கல் இடுக்கெல்லாம் அடைத்தாயிற்று, நிலைகள் நின்றுவிட்டன. செவ்வாய்க்கிழமை காலை பரமசிவன் வந்து பதினாலு கட்டைகளை இறக்க வேண்டும். அது ஒரு மணி நேர வேலை. உடனே ஜெயதாஸ் பூசத் தொடங்க வேண்டும். முறைச்சீட்டு அப்படித்தான் சொன்னது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஜெயதாஸின் மனைவி ஆனந்தபாய் ஞானசிகாமணியைத் தேடி வந்தாள். கொத்தின சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அண்ணே, புதனாழ்ச்ச தெக்க பெரிய ஊர்வலம் உண்டு. இந்த மட்டம் சும்மா விட மாட்டாங்களாம். போலீசு வண்டி வண்டியா எறங்கியிருக்கு எண்ணு செல்லுகாவ."

"நானும் கேட்டேன்."

"நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. நீங்க போகாதே எண்ணு சொன்னா, கண்டிப்பாப் போவாரு. ஒண்ணும் சொல்லாண்டாம். செவ்வாயாழ்ச்ச வெடியக்கால சொவருல கைய வைக்க விட்டிருங்க. அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் கேட்டது அவருக்கு விளங்கிற்று. சுண்ணாம்புச் சாந்து பூச ஆரம்பித்துவிட்டால் மூன்று நாள் அந்தச் சுவரை விட்டு நகர முடியாது. நனைத்து, தட்டி, தேய்த்து, மறுபடியும் நனைத்துக் கூடவே இருக்க வேண்டும். பாதியில் விட்டால் வெடித்துவிடும். தொடங்கின சுவரை விட்டுவிட்டுப் போனால் ஜெயதாஸுக்குச் சோறு இறங்காது. தன் அப்பா செத்த அன்றைக்குக்கூட அடக்கம் முடிந்ததும் நேராகச் சாரத்தில் ஏறியவன் அவன்.

"வெள்ளி வரைக்கும் அவன் இந்தச் சொவருலதான் இருப்பான். நீ பேடிக்காம போ மக்கா" என்றார் ஞானசிகாமணி.

அவள் முகம் தெளிந்தது. போகிற வழியில் ஒரு தடவை திரும்பிச் சுவரைப் பார்த்துவிட்டுப் போனாள்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஜெயதாஸ் மூன்று ஆட்களோடு வந்துவிட்டான். பூவாற்றிலிருந்து வந்த சிப்பிச் சுண்ணாம்பை முன்பே நீற்றி, மணலோடு அரைத்து ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்திருந்தான். சாரம் தயார். சுவரை நனைத்தாயிற்று. பரமசிவனைக் காணவில்லை. எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. சாலையில் பஸ் ஓட்டம் நின்றுவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஜன்னல் கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்த கனகதாஸ் எழுந்து வந்தான். அவன் காலடியில் ஆஞ்சிலி மரத்துண்டுகள் சிதறிக் கிடந்தன.

"மேஸ்திரி, பதினாலு கட்டைதான? எனக்கு அரை மணிக்கூறு போதும். கரியில அடையாளம் இட்டுத்தான் போயிருக்காரு பரமசிவன். நான் எறக்கி வையட்டா?"

"அது ஒனக்க பங்கு இல்ல."

"பங்கு இல்லதான். வேலை நடக்கட்டும் எண்ணு சொன்னேன்."

"திருப்பொறத்துலயும் இப்படித்தான் வேலை நடந்தது. போ, ஒனக்க கதவப் பாரு."

கனகதாஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான். ஜெயதாஸ் சாரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அத்தான், நான் மேலயிருந்துதான பூசி வருவேன். கட்ட எல்லாம் ஏழடிக்குக் கீழயாக்கும். மேல ஒரு கட்டையும் இல்ல. நான் மேல பூசி எறங்குகதுக்குள்ள பரமசிவன் நடந்தாவது வந்திருவாரு."

"வரல்லேண்ணா?"

"வரல்லேண்ணா பூசிட்டுப் பொறவு கொத்துவோம். பதினாலு கொத்துதானே. நானே அடைச்சுத் தாறேன்."

"ஒரு கொத்தும் எனக்க சொவருல விழப்பிடாது."

"ஒங்களுக்க சொவரா? கர்த்தருக்க சொவரு எண்ணுல்லா நெனச்சேன்."

ஆட்கள் சிரித்தார்கள். ஞானசிகாமணிக்குச் சுருக்கென்றது. வாசல் கதவில் மாட்டியிருந்த சீட்டைக் காட்டினார். "எழுதினது எழுதினதாக்கும். கட்ட எறங்காம கரண்டி எடுக்கப்பிடாது. நீ போ, பரமசிவன் வந்ததும் ஆள் விடுதேன்."

ஆனந்தபாய்க்குக் கொடுத்த வாக்கு அவருக்கு மறந்துபோகவில்லை. இன்று செவ்வாய்தானே, ஊர்வலம் நாளைக்கு அல்லவா, மத்தியானத்துக்குள் பரமசிவன் வந்துவிடுவார், கூப்பிட்டு அனுப்பினால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டார். வரிசையும் தவறாது, வாக்கும் தவறாது.

ஜெயதாஸ் சாரத்திலிருந்து குதித்தான். சாந்தின்மேல் சாக்கை இழுத்து மூடினான். கரண்டியைக் கழுவித் துடைத்துச் சாரத்தின் குறுக்குக் கம்பில் செருகினான்.

"அப்ப வாறேன் அத்தான்" என்றான். எங்கே போகிறாய் என்று ஞானசிகாமணி கேட்கவில்லை.

பரமசிவன் நெய்யாற்றின்கரையிலிருந்து நடந்தே வந்து சேரும்போது மணி நாலு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "வண்டி ஒண்ணும் இல்லா மேஸ்திரி, எந்து செய்யும்?" என்று மலையாளம் கலந்து சொல்லிக்கொண்டே உளியை எடுத்தார். ஐந்தேகாலுக்குப் பதினாலாவது கட்டை இறங்கியது. ஞானசிகாமணியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெயதாஸின் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஆனந்தபாய் கிணற்றடியில் நின்றாள். அவர் தனியாக வருவதைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவரு ஒங்ககூட இல்லியா?"

அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. வேலை இல்லை என்றதும் ஜெயதாஸ் வீட்டுக்கு வரவே இல்லை. ஊர்வலத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று மத்தியானமே களியக்காவிளைக்கு நடந்து போயிருந்தது. மூன்று ஆட்களையும் சேர்த்துக்கொண்டு அவனும் போய்விட்டான்.

மறுநாள் தெற்கே நடந்ததை எல்லாரும் அறிவார்கள். ஊர்வலத்தின் மேல் போலீசின் துப்பாக்கி வெடித்தது. செத்தவர்களும் உண்டு. செத்தவர்களின் பெயர்களை ஊரெல்லாம் சொன்னார்கள், அடிபட்டவர்களின் பெயர்களை அவரவர் வீட்டில் மட்டும் சொன்னார்கள். ஜெயதாஸின் மேல் குண்டு படவில்லை. கூட்டம் சிதறி ஓடியபோது ஒரு மதில் ஓரம் விழுந்தவனை எழும்பவிடாமல் தடியால் அடித்திருந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை பகலில் ஞானசிகாமணியும் ஆனந்தபாயும் அவனைக் கண்டுபிடித்தபோது, வலது தோள் தலையணை கனத்துக்குக் கட்டுப் போட்டுக் கிடந்தது. எலும்பு பொடிந்துபோயிருக்கிறது, சேர்ந்தாலும் கை மார்புக்கு மேலே எழும்பாது என்று டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். ஞானசிகாமணி அதைத் தமிழில் ஆனந்தபாய்க்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஜெயதாஸ் கண்ணைத் திறந்து அத்தானைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சாந்து என்னாச்சு?" என்றுதான். சாந்து சாக்குக்கு அடியிலேயே இறுகிக் கல்லாகிப் போயிருந்தது.

வீட்டில் செல்லபாய் அழுது ஓய்ந்த பிறகு, கணவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஆனந்தம் ஒங்ககிட்ட வந்து கேட்டாளாமே?"

"கேட்டா."

"நீங்க என்ன சொன்னிய?"

"சரி எண்ணு சொன்னேன்."

செல்லபாய் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் வெளியே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டை வேலையைக் கனகதாஸின் பங்கில் எழுதியிருந்தால் திங்கட்கிழமையே கட்டை இறங்கியிருக்கும். எழுதாவிட்டாலும், அவன் வந்து கேட்டபோது ஆகட்டும் என்றிருக்கலாம். அதுவும் வேண்டாம், மேலே பாதிச் சுவரில் ஒரு கட்டையும் இல்லையே, அதைப் பூச விட்டிருக்கலாம். எந்த வழியில் போய்ப் பார்த்தாலும் ஜெயதாஸ் புதன்கிழமை சாரத்தில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தான். அவர் எழுதின ஒரு வழியில் மட்டும்தான் அவன் சாலைக்குப் போனான்.

மேற்குச் சுவர் அப்படியே நின்றது. பூச்சுப் பங்கை வேறு ஆளுக்கு மாற்றச் சொல்லிச் சபைக் கமிட்டியார் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார்கள். இரண்டு தடவையும் ஞானசிகாமணி, "சொவரு இன்னும் காயல்ல" என்றார். ஐப்பசி மழையில் ஈரம் ஏறி, புதிதாக அடைத்த இடுக்கெல்லாம் பாசி பிடித்தது. கட்டைகள் பதினாலும் சுவரில் கறுத்துத் தெரிந்தன. கிறிஸ்துமஸ் நெருங்கியதும் கமிட்டியார் பொறுக்கவில்லை. டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பூச்சுப் பங்கை மறு ஏலத்துக்கு விட்டார்கள்.

வழக்கமாகப் போட்டி போடுகிற ஆட்கள் நாலைந்து பேர் முற்றத்தில் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. இடது கை.

"பழைய தொகைதான்" என்றான் ஜெயதாஸ். "நான் எடுத்த பங்காக்கும். நான் ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்ல."

ஒரு தரம் என்றார்கள். ரெண்டு தரம் என்றார்கள். வாழைக்குலைக்கும் மனுசன் கைக்கும் என்று அவன் வழக்கமாகச் சொல்கிற கேலிக்காகச் சிலர் காத்திருந்ததுபோல் இருந்தது. அவன் சொல்லவில்லை. அவனுக்குக் கீழே கேட்க ஒருவனும் வரவில்லை. மூணு தரம் ஆயிற்று.

மறுநாள் காலை சுவரடியில் அவனும் ஞானசிகாமணியும் நின்றார்கள். சற்றுத் தள்ளி ஆனந்தபாய் சாந்துச் சட்டியோடு நின்றாள். அவளே சுமக்க வந்திருந்தாள். மூன்று ஆட்களில் ஒருவன் ஜெயிலில் இருந்தான். மற்ற இருவரும் சாரத்தில் ஏறத் தயாராக நின்றார்கள்.

"அத்தான், முறைப்படி மேலயிருந்தாக்கும் தொடங்கணும்" என்றான் ஜெயதாஸ். "எனக்குக் கை நெஞ்சு வரைக்கும்தான் போகும். மேல இவனுவ பூசட்டும். ஆனா மேல முடிச்சு இவனுவ எறங்கி வாறதுக்குள்ள நாலஞ்சு நாளு போயிரும். நாளைக்கு எனக்குத் தோளு எப்படி இருக்குமோ, அதும் தெரியாது."

"நீ கீழயிருந்து தொடங்கு."

ஜெயதாஸ் அவரைத் திரும்பிப் பார்த்தான். "கீழ பூசிட்டு மேல பூசினா சாந்து வடிஞ்சு கறை விழும். ரெண்டும் சேருக எடத்துல ஒட்டும் தெரியும்."

"தெரியட்டு."

"அண்ணைக்கு இந்த மனசு எங்க போச்சு அத்தான்?" என்று சிரித்தான். கேலியாகத்தான் சொன்னான், கோபம் ஒன்றும் இல்லை. சொல்லி முடித்ததும் அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டான். சட்டென்று குனிந்து சாந்தைத் தொட்டுப் பதம் பார்க்கத் தொடங்கினான். வாசல் கதவில் அன்று சீட்டு இல்லை. ஞானசிகாமணி முந்தின நாளே அதைக் கழற்றியிருந்தார்.

நாலடி உயரம், நாற்பதடி நீளம். ஐந்து நாளில் அவன் பூசினான். கரண்டியை வலது கையில் பிடித்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தள்ளிப் பூசினான். ஒவ்வொரு இழுப்புக்கும் பல்லைக் கடித்தான். கனகதாஸ் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். பரமசிவன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "மதி ஜெயதாஸே, மதி" என்று கை காட்டி நிறுத்தப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. அந்த நாலடியிலும் மேடு பள்ளம் இல்லை. பிறகு மேலே மற்றவர்கள் பூசினார்கள். சாந்து வடிந்தது, கறை விழுந்தது. நாலடி உயரத்தில் சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஒட்டு தெரிந்தது. மூன்று கை வெள்ளை அடித்தும் அது மறையவில்லை.

அதற்குப் பிறகு ஜெயதாஸ் எந்தப் பங்கும் எடுக்கவில்லை. பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே பழக்கடை போட்டான். குலையைத் தூக்கி மாட்ட ஆனந்தபாய் கூட நின்றாள். ஞானசிகாமணி அந்தப் பக்கம் போனால் இரண்டு பழம் வாங்குவார். அவள் பழத்தை எடுத்துக் கணவன் கையில் கொடுப்பாள், அவன் அவர் கையில் கொடுப்பான்.

1956 நவம்பர் முதல் தேதி தாலுகாக்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். விளவங்கோடு வரைக்கும் அந்தப் பக்கம் போயிற்று. நெய்யாற்றின்கரை போகவில்லை. கோடு இவர்களுக்குத் தெற்கே விழுந்தது. ஜெயதாஸ் அடிவாங்கின மதில் மதராஸ் ராஜ்யத்துக்குப் போய்விட்டது, அவன் வீடும் கடையும் கேரளத்தில் நின்றுவிட்டன. கடைக்கு வந்த ஒருவர் துக்கம் விசாரிப்பதுபோல் இழுத்தபோது, அவன் பழம் எண்ணிக்கொண்டே சொன்னான்:

"அப்படி ஒண்ணும் தோத்துப் போகல்ல. எனக்க கை அங்க சேந்துட்டு. நான்தான் இஞ்ச."

அந்த வாரத்து ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஞானசிகாமணி மேற்குச் சுவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு யோசனை. தன் சொந்தச் செலவில் அந்தச் சுவரை முழுக்கக் கொத்தி, மேலிருந்து கீழே ஒழுங்காகப் பூசிக் கொடுக்கலாம் என்று கமிட்டியாரிடம் சொல்லியிருந்தார். அந்த ஒட்டுத் தடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஜெபம் ஓடவில்லை.

பெஞ்சின் மறு முனையில் ஆனந்தபாய் வந்து நின்றாள். அவள் அவரிடம் பேசி இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது.

"சொவர கொத்தப் போறியளாமே?"

"ஆமா மக்கா. அது வெளங்காம கெடக்கு."

"கொத்தாண்டாம்." அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் போலவே. "அவரு கடசியாட்டுப் பூசினதாக்கும் அது."

"சரி. கொத்தல்ல."

அவள் போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அண்ணைக்கு அவரை மேல பூச விட்டிருந்தா, பரமசிவனும் வரல்லேண்ணா, பொறவு கட்டைக்குண்ணு எத்தன எடத்துல கொத்த வேண்டி வந்திருக்கும்?"

அவளுக்கு அது தெரிந்திருக்கும். வெள்ளை அடித்த பிறகும் கட்டைகள் இருக்கிற இடம் வெளியே தெரியும், சட்டம் ஆணியடித்த இடங்களை எண்ணினால் போதும். எண்ணாமல் இருந்திருக்க மாட்டாள். ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நின்றாள். ஞானசிகாமணி எழுந்து நின்றார். நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"பதினாலு."

"பதினாலு" என்றாள் ஆனந்தபாய். தலையை ஒரு தடவை ஆட்டினாள். பெஞ்சில் கிடந்த பாட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு, வாசலில் காத்து நின்ற கணவனிடம் போனாள். குடையை அவன் இடது கையில் விரித்துக் கொடுத்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. பாறசாலையில் ஒரு பள்ளிக்கூட வேலை. நிலை வந்து சேராததால் பூச்சுக்காரன் ஒருவனைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அவன் கரண்டியைச் சாக்கில் சுருட்டி எடுத்துக்கொண்டு படி இறங்கினான். ஞானசிகாமணி அவன் பின்னாலேயே சாலை வரைக்கும் வந்தார்.

"எலே, இப்ப எங்க போவ?"